பால் பன்னிரண்டு மடங்கு, மாடு ஒன்றரை மடங்கு: இந்தியக் கால்நடை மீத்தேனின் நெடுங்காலக் கணக்கு

1951-ல் நடந்த கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் 15.5 கோடி மாடுகளும் 4.3 கோடி எருமைகளும் இருந்தன. 2019-ல் நடந்த 20-ஆவது கணக்கெடுப்பில் மாடுகள் 19.3 கோடி, எருமைகள் 11 கோடி. இரண்டையும் சேர்த்தால் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அதே காலத்தில் ஆண்டுப் பால் உற்பத்தி 1.7 கோடி டன்னிலிருந்து 19.8 கோடி டன்னுக்குப் போனது; அதாவது கிட்டத்தட்ட பன்னிரண்டு மடங்கு. இந்த இரண்டு வளர்ச்சிகளுக்கும் இடையிலுள்ள பெரிய இடைவெளியில்தான் இந்தியக் கால்நடை மீத்தேனின் கதை இருக்கிறது.

அசைபோடும் விலங்குகளின் வயிற்றிலிருந்து வரும், புவியைச் சூடாக்கும் வாயுவான மீத்தேனை அரசு அறிக்கைகள் 1994-க்கு சுமார் 90 லட்சம் டன் என்றும், 2000-க்கும் 2007-க்கும் சுமார் 101 லட்சம் டன் என்றும் கணக்கிட்டன. 2016-க்கான அறிக்கையின் எண்களை டன்னாக மாற்றினால் சுமார் 106 லட்சம் டன் கிடைக்கிறது. 2000 முதல் 2016 வரை பதினாறு ஆண்டுகளில் கூடியது ஏறக்குறைய 5 சதவீதம்தான். அதே பதினாறு ஆண்டுகளில் பால் 8 கோடி டன்னிலிருந்து 16.5 கோடி டன்னுக்கு மேல் ஏறியது. மொத்த மீத்தேனை மொத்தப் பாலால் வகுத்தால் 2000-ல் ஒரு கிலோ பாலுக்கு 125 கிராம், 2016-ல் 64 கிராம். ஆடும் உழவு மாடும் விட்ட வாயுவையும் பாலின் தலையிலேயே கட்டும் முரட்டுக் கணக்கு இது. ஆனாலும் போக்கு எந்தப் பக்கம் என்பது தெளிவாகத் தெரிகிறது.

இந்தச் சாதனையில் ஒரு பகுதி மறுபடி கிடைக்காது. அது ஏன் என்று புரிய வேண்டுமானால் மாட்டின் வயிற்றிலிருந்து தொடங்க வேண்டும்.

மாடு தின்னும் வைக்கோலையும் புல்லையும் அதன் முதல் இரைப்பையான பெருவயிற்றில் கோடானுகோடி நுண்ணுயிரிகள் காற்றில்லாமல் நொதிக்க வைக்கின்றன. நார்ப்பொருள் உடைந்து அசிட்டிக், புரோப்பியோனிக், பியூட்டிரிக் அமிலங்களாக மாறுகிறது. மாட்டுக்கு ஆற்றல் தருபவை இவைதான். அசிட்டிக் அமிலம் உருவாகும்போது ஹைட்ரஜன் மிஞ்சும். புரோப்பியோனிக் அமிலம் உருவாகும்போது ஹைட்ரஜன் செலவாகும். மிஞ்சிய ஹைட்ரஜன் பெருவயிற்றில் தேங்கினால் நொதித்தலே மந்தமாகிவிடும். அதைத் தேங்கவிடாமல் வெளியேற்றுபவை ஆர்க்கியா வகையைச் சேர்ந்த நுண்ணுயிரிகள். நான்கு ஹைட்ரஜன் மூலக்கூறுகளையும் ஒரு கரியமில வாயு மூலக்கூறையும் சேர்த்து அவை ஒரு மீத்தேன் மூலக்கூறை உண்டாக்குகின்றன. அந்த வாயுவில் மிகப் பெரும் பகுதி ஏப்பமாக வாய் வழியாகவும், மூச்சோடு மூக்கு வழியாகவும் வெளியேறுகிறது. பின்பக்கமாகப் போவது மிகக் குறைவு. பலர் நினைப்பது நேர்மாறாக இருக்கிறது.

ஆகவே நார் மிகுந்த, செரிக்கக் கடினமான தீவனத்தில் அசிட்டிக் அமிலம் அதிகம், ஹைட்ரஜன் அதிகம், மீத்தேனும் அதிகம். மாவுச்சத்துள்ள அடர்தீவனம் சேரும்போது புரோப்பியோனிக் அமிலத்தின் பங்கு ஏறும், மீத்தேன் இறங்கும். தீவனத்தின் மொத்த ஆற்றலில் மீத்தேனாகப் போகும் பங்கு சுமார் 2 முதல் 12 சதவீதம் வரை மாறக்கூடியது. ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் 2006 வழிகாட்டுதல் பொதுவாக 6.5 சதவீதம் என்று எடுத்துக்கொள்கிறது.

இதைக் கையாலேயே போட்டுப் பார்க்கலாம். ஒரு மாடு நாளைக்கு 7 கிலோ உலர்பொருள் (தீவனத்தில் நீர் போக மிஞ்சுவது) தின்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ உலர்பொருளில் 18.45 மெகாஜூல் ஆற்றல் இருக்கும். மொத்தம் 129 மெகாஜூல். அதில் 6.5 சதவீதம் 8.4 மெகாஜூல். ஒரு கிலோ மீத்தேனின் ஆற்றல் 55.65 மெகாஜூல் என்பதால் வகுத்தால் நாளைக்கு 151 கிராம், ஆண்டுக்கு 55 கிலோ. இதே மாடு ஆண்டுக்கு 750 லிட்டர் கறந்தால் லிட்டருக்கு 73 கிராம் மீத்தேன். இன்னொரு மாடு 12 கிலோ உலர்பொருள் தின்று 3,000 லிட்டர் கறந்தால் ஆண்டு மீத்தேன் 94 கிலோவுக்கு ஏறும். லிட்டருக்கு 31 கிராமாகக் குறையும். உடலைப் பராமரிக்கவே போகும் தீவனம் இரண்டு மாட்டிலும் உண்டு. இரண்டாவது மாட்டில் அது அதிக லிட்டர்களில் பங்கு பிரிந்துவிடுகிறது, அவ்வளவுதான். ஒரு மாட்டுக்கான மீத்தேன் கூடுவதும் ஒரு லிட்டருக்கான மீத்தேன் குறைவதும் ஒரே நேரத்தில் நடக்கும். இதைப் பிரித்துச் சொல்லாத எந்தக் கட்டுரையையும் நம்பிப் பயனில்லை.

நாடு முழுவதற்கும் கணக்கிடும்போது ஒவ்வொரு மாட்டையும் அளக்க முடியாது. இனம், வயது, கறவை நிலை ஆகியவற்றின்படி பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் ஆண்டுக்கு இத்தனை கிலோ என்று ஒரு உமிழ்வுக் காரணியை வைத்துப் பெருக்குவார்கள். இந்திய நிலைமைக்கென்று வகுக்கப்பட்டு 2007-க்கான தேசியக் கணக்கில் பயன்பட்ட காரணிகள் இவை: கறவையிலுள்ள நாட்டு மாட்டுக்கு 28 கிலோ, கலப்பினக் கறவைக்கு 43, கறவை எருமைக்கு 50, வளர்ந்த காளை போன்ற கறவையில்லா நாட்டு மாட்டுக்கு 32, செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் தலா 4. நாம் மேலே போட்ட 55 கிலோவைவிட நாட்டு மாட்டின் எண் பாதிதான். நம் நாட்டு மாடு உருவில் சிறியது, தின்பதும் குறைவு. காரணி சிறிதாக இருப்பதற்குக் காரணம் அதுதான். வட அமெரிக்கக் கறவை மாட்டுக்கு ஐ.பி.சி.சி. 2006-ல் தந்த பொது எண் 128 கிலோ.

இந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு கணக்கெடுப்புகளைப் பார்த்தால் மொத்தம் ஏன் தட்டையாக நின்றது என்பது விளங்கும். 1992-ல் 20.5 கோடியாக இருந்த மாடுகள் 2003-ல் 18.5 கோடியாகக் குறைந்தன. அதன் பிறகு 19 கோடிக்கும் 20 கோடிக்கும் இடையில் ஊசலாடுகின்றன. உள்ளே நடந்த மாற்றம்தான் பெரிது. டிராக்டரும் பவர் டில்லரும் வந்தன. ஏர் மாடும் வண்டி மாடும் போயின. 2012-க்கும் 2019-க்கும் இடையில் மட்டும் ஆண் மாடுகள் 6.8 கோடியிலிருந்து 4.7 கோடியாக, அதாவது 30 சதவீதம் குறைந்தன. பெண் மாடுகள் 18 சதவீதம் கூடி 14.5 கோடியைத் தொட்டன. கலப்பின, வெளிநாட்டு இன மாடுகள் சுமார் 4 கோடியிலிருந்து 5 கோடிக்கு ஏறின.

குறைந்த ஆண் மாடுகள் எல்லாமே வளர்ந்த நாட்டுக் காளைகள் என்று வைத்தாலும், 2 கோடியை 32 கிலோவால் பெருக்கினால் 6.4 லட்சம் டன் மீத்தேன் கணக்கிலிருந்து கழிந்திருக்கிறது. உண்மையில் அவற்றில் கன்றுகளும் உண்டு. ஆகவே இது உச்சவரம்பு. மறுபக்கம் கூடிய ஒரு கோடி கலப்பின மாடுகளுக்கு, எல்லாம் கறவையில் இருந்தாலும், 4.3 லட்சம் டன். காளை போனதில் குறைந்தது, கறவையும் எருமையும் பெருகியதைத் தாங்கிக்கொண்டது. 1970 முதல் 1996 வரை நடந்த வெண்மைப் புரட்சியும், 1960-களிலிருந்து வளர்ந்த கலப்பினக் கொள்கையும் பாலைப் பெருக்கின. வயலில் ஓடிய டிராக்டர் அதன் மீத்தேன் செலவில் ஒரு பகுதியை ஈடுகட்டியது. அந்த ஈடு இப்போது தீர்ந்துகொண்டிருக்கிறது. காளைகள் இன்னும் எவ்வளவு குறைய முடியும் என்பதற்கு ஒரு எல்லை உண்டு. பாலின் தேவைக்கு அப்படியொரு எல்லை தெரியவில்லை. 2023-24-ல் உற்பத்தி 23.9 கோடி டன்.

மாநிலத்துக்கு மாநிலம் இந்தப் படம் வேறு. உத்தரப் பிரதேசத்தில் எருமைகள் 2012-ல் 3.06 கோடி, 2019-ல் 3.3 கோடி. தமிழ்நாட்டில் அதே காலத்தில் எருமைகள் 7.8 லட்சத்திலிருந்து 5.2 லட்சத்துக்கு இறங்கின. மாடுகள் 88 லட்சத்திலிருந்து 95 லட்சத்துக்கு ஏறின. ஆகவே தேசியச் சராசரியை எடுத்து ஒரு மாவட்டத்தின் மீத்தேனைச் சொல்வது தவறாகத்தான் முடியும்.

கறக்காத நாட்களின் விலை

மொத்தக் கணக்கில் தெரியாமல் மறைந்து கிடப்பது, பால் தராத நாட்களில் போகும் மீத்தேன். மேலே சொன்ன அதே தேசியக் காரணிகளில் இளம் விலங்குகளுக்கும் எண்கள் உண்டு. நாட்டுக் கன்றுக்கு முதல் ஆண்டு 9 கிலோ, 1 முதல் 3 வயது வரை ஆண்டுக்கு 23, அதன் பிறகு 32. நான்கு வயது முடிந்து முதல் கன்று ஈனும் நாட்டுக் கிடேரி, ஒரு சொட்டுப் பால் தருவதற்கு முன்பே 9 + 23 + 23 + 32 என 87 கிலோ மீத்தேன் விட்டிருக்கும். கலப்பினக் கிடேரிக்கு முதல் ஆண்டு 11 கிலோ, பிறகு இரண்டரை வயது வரை ஆண்டுக்கு 26. இரண்டரை வயதில் ஈன்றால் 50 கிலோ. இதில் இனத்தின் பங்கைவிட வளர்ப்பின் பங்கே அதிகம். சரியாகத் தீவனம் கிடைக்காத கலப்பினக் கிடேரியும் மூன்றரை வயது வரை சினைப் பிடிக்காமல் நிற்பது உண்டு. அப்போது அந்த 37 கிலோ சேமிப்பு பெரும்பாலும் போய்விடும்.

கன்று ஈன்ற பிறகும் இதே கதைதான். சினைப்பருவம் 21 நாளுக்கு ஒருமுறை வரும். ஒரு பருவத்தைத் தவறவிட்டால் அடுத்த வாய்ப்புக்கு 21 நாள். அந்த நாட்களுக்கு ஒரு கலப்பின மாடு விடும் மீத்தேன் சுமார் இரண்டரை கிலோ. காலையில் பருவ அறிகுறி தெரிந்தால் அன்று மாலையும், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையும் சினை ஊசி போட வேண்டும் என்பது எல்லோரும் சொல்லும் விதி. அது பிசகுவதற்கு முக்கியக் காரணம் இரவில் வரும் அறிகுறியை யாரும் பார்க்காததுதான். கண்ணாடி போன்ற கோழை வடிவது, தீவனத்தில் நாட்டமில்லாமல் கத்துவது, அடிக்கடி சிறுநீர் கழிப்பது போன்றவற்றை இரவில் படுக்கும் முன்பும் விடியலிலும் ஒருமுறை பார்த்தாலே பாதிப் பிழை குறையும். எருமையில் இன்னும் கடினம். கோடையில் அதன் சினைப்பருவம் சத்தமே இல்லாமல் வந்து போகும். தாது உப்புக் குறைபாட்டால் திரும்பத் திரும்பப் பருவத்துக்கு வந்தும் சினை நிற்காத மாடுகள் எவ்வளவு தீவனத்தை வீணாக்குகின்றன என்பது வளர்ப்பவருக்குத் தெரியும். அந்தத் தீவனத்தின் ஆற்றலில் 6 சதவீதத்துக்கு மேல் மீத்தேனாகப் போகிறது என்பதுதான் அதிகம் பேசப்படாதது.

பெண் கன்று மட்டும் பிறக்க வாய்ப்பைச் சுமார் 90 சதவீதமாக்கும் பாலினம் பிரித்த விந்தும் இந்தக் கணக்கில் வருகிறது. கலப்பின ஆண் கன்றுக்கு ஏரிலும் வேலையில்லை, பால் பண்ணையிலும் வேலையில்லை. அது பிறக்காமல் இருப்பதே தெளிவான குறைப்பு. வழக்கமான விந்தைவிட இதில் உயிரணுக்கள் குறைவு என்பதால் சினைப் பிடிக்கும் விகிதம் சற்றுக் குறையும். பருவம் சரியாக வரும் கிடேரிகளுக்குப் போடுவதே நல்லது.

போக்கைப் படிக்கும்போது எங்கே சறுக்கும்

ஒரு நாட்டின் கால்நடை மீத்தேன் வரைபடம் கையில் கிடைத்தால் முதலில் கேட்க வேண்டியது, கோடு ஏறுகிறதா இறங்குகிறதா என்பதல்ல. முறை மாறியதா என்பதுதான். இந்திய அறிக்கைகளிலேயே அதற்கு நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. சாணத்திலிருந்து வரும் மீத்தேன் 1994-க்கு 9.5 லட்சம் டன், 2007-க்கு 1.15 லட்சம் டன். எட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது என்று யாராவது எழுதினால் அது தவறு. மாறியது காரணி. நம் ஊரில் சாணம் குட்டையில் கூழாகத் தேங்குவதில்லை. வறட்டியாகக் காய்கிறது, எருக்குழியில் பாதி உலர்கிறது, மேய்ச்சல் நிலத்தில் வெயிலில் கிடக்கிறது. காற்றுப் படும் சாணத்தில் மீத்தேன் மிகக் குறைவு. இந்த நிலைமையைக் கணக்கில் கொண்டபோது எண் சுருங்கியது.

இன்னொரு சறுக்கல் சமமதிப்பில் இருக்கிறது. மீத்தேனைக் கரியமில வாயுவுக்குச் சமமாக மாற்றப் பயன்படும் எண்ணை ஐ.பி.சி.சி. தன் இரண்டாம் அறிக்கையில் 21 என்றும், நான்காம் அறிக்கையில் 25 என்றும், ஐந்தாம் அறிக்கையில் 28 என்றும் தந்தது. அதே 106 லட்சம் டன் மீத்தேனை 21-ஆல் பெருக்கினால் 22.3 கோடி டன். 28-ஆல் பெருக்கினால் 29.7 கோடி டன். மாடு ஒரு ஏப்பம் கூட அதிகம் விடவில்லை, ஆனால் எண் மூன்றில் ஒரு பங்கு ஏறிவிட்டது. ஆகவே சமமதிப்பில் தரப்பட்ட இரண்டு ஆண்டுகளை ஒப்பிடும் முன், இரண்டையும் மீத்தேன் டன்னாகத் திருப்பிக்கொள்ள வேண்டும்.

வேறு நாட்டின் எண்ணை இங்கே கொண்டுவந்து பெருக்கும் தவறும் பழையது. நெல் வயல்களுக்கு அது நடந்தது. வெளிநாட்டு வயல்களின் அளவீடுகளை வைத்து, இந்திய நெல் வயல்கள் ஆண்டுக்கு சுமார் 370 லட்சம் டன் மீத்தேன் விடுகின்றன என்று ஒரு அமெரிக்க மதிப்பீடு சொன்னது. 1991-ல் இயற்பியலாளர் ஏ.பி. மித்ரா தலைமையில் இந்திய வயல்களிலேயே அளந்து பார்த்தபோது சுமார் 40 லட்சம் டன்தான் வந்தது. மாட்டுக்கு நம் சொந்தக் காரணிகள் ஏன் தேவை என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

மாட்டை அளக்கும் முறைகளில் மேய்ச்சலிலும் பயன்படுவது சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளூரைடு தடய முறை. இந்த வாயுவைச் சீரான வேகத்தில் கசியவிடும் சிறு உலோகக் குழாயைப் பெருவயிற்றுக்குள் போடுவார்கள். கழுத்தில் மாட்டிய வெற்றிடக் குப்பி, மூக்கருகே உள்ள மெல்லிய குழாய் வழியாக 24 மணி நேரம் காற்றை மெல்ல இழுக்கும். குப்பியில் இரண்டு வாயுக்களின் விகிதம் தெரிந்தால், கசியும் வேகம் ஏற்கெனவே தெரியுமென்பதால், மீத்தேனைக் கணக்கிடலாம். தவறுவது சின்ன விஷயங்களில்தான். மெல்லிய குழாயில் தீவனத் துகளோ நீரோ அடைத்தால் குப்பி நிரம்பாது. இணைப்பு கசிந்தால் சீக்கிரமே நிரம்பிவிடும். காற்றோட்டமில்லாத கொட்டிலில் பக்கத்து மாட்டின் ஏப்பமும் சேர்ந்துவிடும். அதனால்தான் குப்பியின் இறுதி அழுத்தம் குறித்த வரம்புக்குள் இல்லையென்றால் அன்றைய மாதிரியைத் தூக்கி எறிகிறார்கள்.

கீழிருந்து பெருக்கி வரும் இந்தக் கணக்கை மேலிருந்தும் சரிபார்த்திருக்கிறார்கள். 2010 முதல் 2015 வரையிலான வளிமண்டல அளவீடுகளை வைத்து 2017-ல் வெளியான ஓர் ஆய்வு, எல்லா மூலங்களையும் சேர்த்து இந்தியாவின் மீத்தேன் ஆண்டுக்கு சுமார் 220 லட்சம் டன் என்றும், அந்த ஆண்டுகளில் குறிப்பிடத்தக்க வளர்ச்சி இல்லை என்றும் கண்டது. அரசு அறிக்கை 2016-க்குச் சொன்னது சுமார் 195 லட்சம் டன். அதில் பாதிக்கு மேல் கால்நடை வயிற்றிலிருந்து. இரண்டு வழிகளும் இவ்வளவு நெருங்கி வருவது, இந்தியாவின் தட்டைக் கோடு காகிதத்தில் மட்டும் இருப்பதல்ல என்பதற்குச் சான்று.

தட்டைக் கோட்டுக்கு இன்னொரு பொருளும் உண்டு. மீத்தேன் வளிமண்டலத்தில் சுமார் 12 ஆண்டுகளில் சிதைகிறது. மந்தை ஒரே அளவில் நின்றால் புதிதாகச் சேருவதும் பழையது சிதைவதும் ஏறக்குறைய சமமாகி, கூடுதல் வெப்பம் பெரிதாகச் சேராது. நூற்றாண்டுகளுக்குத் தங்கும் கரியமில வாயுவுக்கு இந்தச் சலுகை இல்லை. ஆனால் இதைக் காட்டி ஒன்றும் செய்ய வேண்டாம் என்று சொல்வது சரியல்ல. அதே 12 ஆண்டு ஆயுள்தான், குறைத்தால் பலன் விரைவில் தெரியும் என்பதற்கும் காரணம். 2021-ல் கிளாஸ்கோவில் அறிவிக்கப்பட்ட, 2030-க்குள் மீத்தேனை 30 சதவீதம் குறைக்கும் உலக உறுதிமொழியில் இந்தியா சேரவில்லை. ஒன்றிரண்டு மாடு வைத்துப் பிழைக்கும் குடும்பங்களின் மீது சுமை ஏறும் என்ற கவலை நியாயமானது. அந்தக் குடும்பங்களுக்கே லாபம் தரும் குறைப்பு எது என்று தேடுவதுதான் அதற்கடுத்த வேலை.

அதில் முதலில் வருவது வைக்கோல். புரதம் 3 முதல் 4 சதவீதம் மட்டுமே உள்ள, சிலிக்கா மிகுந்த நெல் வைக்கோலை மட்டும் தின்னும் மாடு லிட்டருக்கு அதிக மீத்தேன் விடும். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைச் சுமார் 50 லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, பாலித்தீன் விரிப்பால் காற்றுப் புகாமல் 21 நாள் மூடி வைத்தால் அம்மோனியா நாரைத் தளர்த்தும். செரிமானம் கூடும், புரதமும் ஏறும். மூடாக்கில் ஓட்டை இருந்தால் அம்மோனியா பறந்துவிடும், வைக்கோல் பூஞ்சை பிடிக்கும். யூரியா கட்டியாகத் தங்கினால் மாட்டுக்கு நச்சாகும். கொடுப்பதற்கு முன் பரப்பி ஆறவிட வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்குக் கொடுக்கவே கூடாது. இதில் மாடு அதிகம் தின்னும். ஆகவே ஒரு நாளைய மீத்தேன் சற்றுக் கூடவும் செய்யலாம். குறைவது லிட்டருக்கான அளவு. வேலிமசால், அகத்தி, கம்பு நேப்பியர் போன்ற பசுந்தீவனமும் அளவான அடர்தீவனமும் சேரும்போது இந்தப் பலன் இன்னும் தெளிவாகத் தெரியும்.

நேரடியாக மீத்தேன் நுண்ணுயிரியை அடக்கும் பொருள்களும் உண்டு. 2022-ல் ஐரோப்பிய ஒன்றியம் அனுமதித்த 3-நைட்ராக்ஸிப்ரொப்பனால் என்ற தீவனச் சேர்க்கை, கறவை மாடுகளில் மீத்தேனைச் சுமார் 30 சதவீதம் குறைக்கிறது. ஆனால் அது பெருவயிற்றில் சில மணி நேரமே வேலை செய்யும் என்பதால் நாள் முழுக்கத் தின்னும் கலப்புத் தீவனத்தில் சீராகக் கலந்திருக்க வேண்டும். பகலில் மேயவிட்டு, கறக்கும்போது மட்டும் இரண்டு வேளை தீவனம் வைக்கும் வீட்டில் அது பாதிப் பலன்கூடத் தராமல் போகலாம். பெங்களூரில் உள்ள தேசிய கால்நடை ஊட்டச்சத்து மற்றும் உடற்செயலியல் நிறுவனம் டானின் என்ற துவர்ப்புப் பொருள் மிகுந்த தாவரப் பொருள்களிலிருந்து உருவாக்கிய ஹரித் தாரா, 17 முதல் 20 சதவீதம் குறைப்பதாக அந்த நிறுவனம் தெரிவிக்கிறது. மூன்று மாதத்துக்கு மேற்பட்ட, பெருவயிறு முழுதாக இயங்கும் விலங்குக்கே அதைக் கொடுக்க வேண்டும். டானின் அளவு மீறினால் மாடு தின்பதே குறையும், புரதச் செரிமானமும் கெடும். வீட்டில் கைக்கணக்கில் இலையைக் கூட்டுவது அதற்கு மாற்று ஆகாது.

சாண எரிவாயுவில் ஒரு எச்சரிக்கை மட்டும். வறட்டியாகப் போயிருந்தால் மிகக் குறைந்த மீத்தேனே தரும் சாணம், கலனுக்குள் போனதும் வேண்டுமென்றே மீத்தேன் தருகிறது. அடுப்பில் எரிந்தால் நல்லது. கூண்டில் விரிசல் இருந்தாலோ, எரிக்காமல் திறந்துவிட்டாலோ முன்பிருந்ததைவிட நிலைமை மோசம். வால்விலும் குழாய் மூட்டுகளிலும் மாதம் ஒருமுறை சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பது போதும்.

21-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பு 2024 அக்டோபரில் தொடங்கியது. அதன் அட்டவணைகளில் மொத்த மாடுகள் என்ற வரியை விட்டுவிட்டு, நான்கு இடங்களை 2019-ஓடு ஒப்பிட வேண்டும்: வளர்ந்த ஆண் மாடுகள், கறவையிலுள்ளவை, பால் வற்றிய நிலையில் உள்ளவை, ஒருமுறையும் ஈனாதவை. முதல் எண் குறைவது நின்று, கடைசி இரண்டும் குறையாமல் இருந்தால், பால் ஏறும் ஒவ்வொரு ஆண்டும் மீத்தேனின் மொத்தக் கோடும் அதோடு சேர்ந்து ஏறத் தொடங்கும்.